இருபத்தாறு கிலோ

பிலடெல்பியாவில் வரிசையில் நிற்கிறாள் யோகமலர்.
கைப்பேசியில் காட்டுகிறாள்:
கயிற்றுக்கு அப்பால் ஒரு மணி,
விரிசல் விட்டது,
அடிப்பதில்லை.
இதைப் பார்க்கவா இத்தனை கூட்டம்?
"சுதந்திர மணி, மாமா."

பீடோரில் மழை.
தே ஓ ஆறிவிட்டது.

எங்கள் பெரட்டு மணிக்குக்
கீறல்கூடக் கிடையாது.
விடிகாலை நாலரைக்கு அடித்தால்
காய்ச்சல்காரனும் எழுந்து
கிராணி முன்னால் நிற்பான்.

தோட்டம் கைமாறிய வாரம்
லோரியில் வந்தது,
உடைந்த காண்டா வாளிகளோடு.
தராசில் ஏற்றியவன் நான்தான்.
இருபத்தாறு கிலோ.
நாக்கைத் தனியாகக் கழற்றி நிறுத்தேன்:
அது வெறும் இரும்பு,
விலை குறைவு.

"உங்களுக்கு என்ன வாங்கிவர?
சாவிக்கொத்தில் குட்டி மணி இருக்கு,
விரிசலோடயே."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அடித்துப் பார்த்து வாங்கு,
என்றேன்.