முதலில் யார்

ஏப்ரல் பதினைந்தோடு கடலைப் பூட்டினார்கள்.
தங்கச்சிமடத்து விசைப்படகுகள்
ஒன்றின் விலாவில் ஒன்று சாய்ந்து நின்றன.
நாட்டுப்படகுகளுக்காக மட்டும்
ஐஸ் கம்பெனி பாதி ஓடியது,
நாங்கள் கால்வாசி.

அந்த வாரம்தான் யாகப்பன்
கரித்துண்டால் பின்சுவரில்
எட்டுப் பெயர் எழுதினான்.
தடைக்காலக் கால்பந்துக்கு
எட்டு ஊர், எட்டு கோச்.
கோப்பை யாருக்கு என்பதில்லை கேள்வி,
அது எப்படியும் பெரியபட்டினத்துக்கு.
முதலில் எவருக்குச் சீட்டுக் கிழியும்?

பந்தயம் காசில்லை. காசு யாரிடம் இருந்தது?
கடல் திறந்து முதல் பாட்டில்
ஒரு கிலோ வெள்ளை இறால்,
சரியாகச் சொன்னவன் வீட்டுக்கு.

நான் பில் போடுகிறவன்.
பென்சில் என் காதில் இருப்பதால்
கணக்கும் என்னிடம் வந்தது.
தோற்ற ஆட்டங்களை நான் எண்ணுவதில்லை,
தோற்றவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான்.
பார்க்க வேண்டியது வேறு:
இடைவேளையில் தலைவரின் மச்சினன்
யார் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போகிறான்,
ஆரஞ்சுச் சுளை யார் கைக்குக் கடைசியில் வருகிறது.
மைக்கைப் பிடித்து ஒருவர்
"கோச் மீது கமிட்டிக்கு முழு நம்பிக்கை உண்டு" என்றால்
பத்து நாள்.
பொன்னாடையும் போர்த்தினால் ஐந்து.

தேவிபட்டினம் நம்புமுருகனுக்கு இரண்டு கோடு.
தொண்டி சீனி காதருக்கு ஒன்று,
அது என்னுடையது,
அவருக்குப் பொன்னாடை விழுந்துவிட்டது.
மிச்சம் ஏழும் மூக்கையூர்க் களஞ்சியத்துக்கு.
நாலு ஆட்டத்தில் பதினேழு கோல் வாங்கியிருந்தார்.
சோழகக் காற்று மண்ணை வாரி அடிக்க
அவருடைய கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டே பாய்வான்.
விசில்கூட இல்லை அவரிடம்.
இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவார்.
நாய்கள் திரும்பிப் பார்க்கும்.

ஐந்தாவதும் தோற்ற அன்று
நேரே இங்கே வந்தார்.
பையனுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு,
ஐஸ் கொஞ்சம் வேணும்.

சுவரை மறைக்க ஒரு சாக்கு கிடைக்கவில்லை எங்களுக்கு.
மேலிருந்து கீழே படித்தார்,
ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோல.
ஏழு கோட்டையும் விரல் வைத்து எண்ணினார்.
பிறகு கரியை எடுத்து,
'கலஞ்சியம்' என்று இருந்ததில்
லகரத்தை உள்ளங்கையால் தேய்த்து
ளகரம் போட்டார், அழுத்தி.
"எழுதுறதுதான் எழுதுறீக,
சரியா எழுதுங்கப்பா."

காசை நீட்டினார். யாகப்பன் வாங்கவில்லை.
கேட்டதற்கு மேல் இன்னொரு கட்டி உடைத்துப் போட்டான்.
கோடுகளை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள்
நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒரு மெஷின்
லாரியில் வந்து இறங்கியது.
இரண்டு ஆள் உடைக்கிற ஐஸை
ஒரு சுவிட்ச் உடைக்குமாம்.
முதலாளி யாகப்பன் தோளில் கை போட்டு
பதினோரு வருஷம், குடும்பம் மாதிரி,
உன்மேல் முழு நம்பிக்கை என்றார்.

பில் புத்தகத்தைவிட்டு நான் நிமிரவில்லை.
பத்து நாள் என்று எண்ணினேன்.
ஆறு.

கையுறைகளைக் கழற்றி
ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி
என் மேஜைமேல் வைத்தான்.
போகும்போது சுவரைப் பார்த்துக் கேட்டான்:
"ஏப்பா, எம்பேருல
எவனாச்சும் போட்டிருக்கீகளா?"

சிரித்துவிட்டோம்.
அவன் போனபின் சந்தியாகு
பந்தயம் கோச்சுகளுக்குத்தான் என்றான்.
வேலை என்றால் எல்லா வேலையும்தானே என்றான் இன்னொருவன்.
சூசை சட்டம் பேசினான்.
இருட்டும்வரை வாக்குவாதம் போயிற்று.
அது வசதியாக இருந்தது,
வேறெதையும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஜூன் பதினான்கு நள்ளிரவில் கடல் திறந்தது.
எட்டுக் கோச்சும் அப்படியே இருந்தார்கள்,
பொன்னாடை வாங்கிய சீனி காதர் உட்பட.
பதினோரு ஆட்டமும் தோற்ற களஞ்சியம்
அடுத்த வருஷத்துக்கும் கேட்டுக்கொள்ளப்பட்டார்,
வேறு யாரும் வரத் தயாரில்லையாம்.

முதல் பாட்டில் ஒரு கிலோ இறால்
எடை போட்டுத் தனியே வைத்தேன்.
பில்லில் பெயர் எழுதும் இடத்தில்
பென்சில் நின்றது.
பின்னால் மெஷின் உடைத்துக்கொண்டிருந்தது.
சுவரிலிருந்து கரி
கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.