இடது மரை

கெடிலத்துக்கு இந்தப் பக்கம்
திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம் தாண்டி
தணிகாசலத்தின் கடை.
தொங்கும் பம்புசெட் பெல்ட்டுகளுக்கு அடியில்
மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார்,
துறைமுகத்தில் மீனைக் கூறு போடுவதுபோல.

முதலில் நைலான் தலை.
பச்சை நூல், இரண்டு புள்ளி நாலு எம்.எம்.
"ஓடும்போதே தரையில ஒரு தட்டு தட்டுங்க,
நூலு தானா நீளும்."
அருகு, கோரை, பள்ளிக்கூட மைதானத்துப் புல்.
அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

மூன்று இறக்கைக் கத்தி.
அதை நான் பார்க்கவில்லை.

எண்பது பல்லு வட்டம்,
ஒவ்வொரு பல் நுனியிலும்
குருணையளவு வேறொரு உலோகம்.
நெல்லறுக்கத் தகரக் காப்பு வைத்தது ஒன்று.
களை கொத்தும் சக்கரம்.
உச்சிக் கிளைக்கு நீளக் கழியில் ரம்பம்.
"எல்லாம் ஒரே மிஷின்ல மாட்டலாம்.
ஒங்க ராடு ஒம்போது பல்லா, ஏழு பல்லா?"

எனக்குத் தெரியவில்லை.
"ஒம்போது" என்றாள் அமிர்தம்.
கழற்றித் துடைத்து வைத்தவள் அவள்தான்,
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்.

ஐந்து வாரத்துக்கு முன்
ஆல்பேட்டையில் ஒரு காலி மனை.
கத்தி ஒரு ஜல்லியைத் தொட்டது.
தொட்டது கைக்குத் தெரிந்தது,
போனது தெரியவில்லை.
இருபதடி தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்தவள்
துடைப்பத்தோடு உட்கார்ந்தாள்,
ஏதோ மறந்துபோய்
யோசிக்க உட்கார்ந்தவள் மாதிரி.
முழங்காலுக்குக் கீழே ஏழு தையல்.
இஞ்சினை எப்போது அணைத்தேன் என்று
இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

அதனால் நைலான்.
வீட்டிலேயே முடிவு செய்துதான் கிளம்பினேன்.
குழுக் கடனில் மிச்சம் ஆயிரத்து நானூறு,
ஜாக்கெட்டுக்குள் நாலாய் மடித்து.
"இதயே குடுங்கண்ணே,
ரெண்டு உருண்ட நூலும்."

அமிர்தம் எண்பது பல்லை எடுத்தாள்.
கட்டைவிரலால் ஒரு சுற்று
பல் பல்லாய்த் தடவினாள்.
நடுத் துளையில் கண் வைத்து
தெருவில் போகும் பண்ருட்டி பஸ்ஸைப் பார்த்தாள்.
"இது."

ஏன் என்று எனக்குத் தெரியும்.
ஆற்றங்கரையில் சீமைக்கருவேலம், நாலு ஏக்கர்.
புல்லுக்குக் கொடுப்பதில் இரண்டு பங்கு கூலி.
நைலான் அங்கே போனால்
முள்ளுக்குத் தலை வாரிவிட்டு வரும்.

"வேணாம்டி."

"கல்லு கத்தியிலயா இருக்குது?
தரையிலதான கெடக்குது.
நான் முன்னால போயி பொறுக்கறேன்,
நீ பின்னால வா."

தணிகாசலம் எங்களைப் பார்த்தார்,
பிறகு கால்குலேட்டரைப் பார்த்தார்.
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
தூசி படிந்த முழங்கால் காப்பு ஒரு ஜோடி எடுத்து
பில்லில் எழுதாமல் பைக்குள் வைத்தார்.
அமிர்தம் அதை வெளியே எடுத்து
விலை கேட்டாள்.
இருபது ரூபாய் குறைத்துப் பேசிக் கொடுத்தாள்.

"அந்த நட்டு இடது மரைம்மா.
ஒலகமே கழட்டறதுக்குத் திருப்புற பக்கம்
இது இறுகும்.
பழக்கத்துல முறுக்கிடாதீங்க."

விடிகாலை, ஆற்றங்கரை.
சிமென்ட் சாக்கோடு அவள் முன்னால் போகிறாள்.
நொண்டுகிறாள், கொஞ்சம்தான்.
ஓட்டாஞ்சில்லு. பாட்டில் கழுத்து.
ஒரு சைக்கிள் மணியின் மூடி.
கற்கள், கற்கள்.
ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான்
சாக்கில் போடுகிறாள்.

இஞ்சின் அணைந்தபடி என் தோளில்.
பெட்ரோலும் ஆயிலும் கலந்த வாடை.
"ஆச்சா?"
"இரு."

குனிந்தவள் ஒரு ஜல்லியை மட்டும்
உள்ளங்கையில் வைத்து
வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
"இது இல்ல" என்றாள்,
என்னிடம் அல்ல.

நான் நட்டை
இடப்பக்கம்
இன்னொரு தடவை இறுக்கினேன்.