தொடையளவு

ஐந்தாம் கட்டிலில் தெய்வேந்திரன்,
மின்சார சபை லைன்காரர்.
செங்கலடிக்கு அப்பால் வெள்ளம் வடியாத வயலில்
சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தப் போய்
எலிக்காய்ச்சலோடு வந்தவர்.
பதினொரு நாளாய் மூச்சு வென்டிலேட்டருடையது.

ஈரத்துணியால் துடைத்து
தொடைக்கு இரண்டாய் ஒட்டுகிறேன் பட்டைகளை.
குமிழைத் திருகுகிறேன், மெல்ல, இன்னும் மெல்ல,
தோலுக்கடியில் தசை
மணலைக் குஞ்சுபோல் ஒருதரம் துள்ளும் வரை.

"தங்கச்சி, கால அசைச்சிட்டார்!"
சுகந்தமலர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டா.
சொல்லத்தான் வேண்டியிருந்தது:
அவரில்லை அக்கா, கரண்ட்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மறுகா,
"பதினெட்டு வருசமா
கரண்ட் இவர்ல படக்கூடாதெண்டு
மாமாங்கத்துக்கு நேர்ந்தவள் நான்."
சிரித்தாவா தெரியவில்லை. முகக்கவசம்.

ஐந்து செக்கன் இறுக்கம், பத்து செக்கன் தளர்வு.
நாடாவால் அளந்து எழுதுகிறேன்:
திங்கள் நாற்பத்தாறு.
வியாழன் நாற்பத்து நாலரை.
இன்றும் நாற்பத்து நாலரை.
இது என் பெட்டியின் வேலையா?
ஒரு ஆய்வு ஓம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது.
நான் சுகந்தமலரிடம் இலக்கத்தை மட்டும் சொன்னேன்.

மூன்றரைக்கு மழையோடு வெளிச்சம் போனது.
வென்டிலேட்டர் பட்டரியில் ஒருமுறை கத்திவிட்டு
மூச்சைத் தொடர்ந்தது.
இருட்டில் தொடை மட்டும்
இறுகி, தளர்ந்து, இறுகி.
ஜெனரேட்டர் உறுமியது.
மறுகா அதுவும் நின்று
லைன் கரண்டே வந்தது.

சுகந்தமலர் யன்னலைப் பார்த்தபடி சொன்னா:
"இந்த மழைக்குள்ள
ஆரோ ஒருத்தன் கம்பத்தில நிக்கிறான்."