எட்டாவது வரிசை

தரமணியில் மே மாதம்.
வெளியே தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது.
நான் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
நான்கு டிகிரி அறைக்குள் நிற்கிறேன்.
கையில் ஐஸ் பெட்டி. அதற்குள்
செல்களை உடைத்துப் பிரித்த சவ்வு,
கலங்கிய கஞ்சித் தண்ணீர் போல
மூன்று சொட்டு.

போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் வந்திருந்தார்.
"பூட்டும் சாவியும் மாதிரிதானே மேடம்?"
ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.
டீ ஆறிக்கொண்டிருந்தது,
அவருக்கும் அவசரம்.

பூட்டு இல்லை.
பூட்டு நடுங்காது.
இந்தப் புரதம் எண்ணெய்ப் படலத்தை
ஏழு முறை ஊடுருவி ஏறி இறங்குகிறது,
முடிச்சுப் போட மறந்த தையல்.
ஒரு நுனி வெளியே, ஒரு நுனி உள்ளே,
நடுவில் ஓயாத அசைவு.
எங்கிருந்தோ ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால்
இடுப்பை லேசாகத் திருப்பி
உள்ளே இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லும்.
வந்தவர் கடைசிவரை வாசல் தாண்டுவதில்லை.
சேதி மட்டும் போகிறது.

தொண்ணூற்றாறு குழிகள், எட்டு வரிசை.
முதல் ஏழில் மருந்து, குறையக் குறைய.
எட்டாவதில் வெறும் உப்புநீர்.
அங்கே ஒன்றும் நடக்கக் கூடாது.

நடந்தது.
அடுத்த தெருவில் யாரோ டிவி பார்ப்பது போல
அவ்வளவு மங்கலாக ஒரு வெளிச்சம்.

"கையுறை மாத்தித்தான் போட்டேன் மேடம்"
என்றாள் ஜெபசீலி,
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

பிப்பெட்டை மாற்றினோம்.
உப்புநீரைப் புதிதாகக் கரைத்தோம்.
இந்தப் புரதமே இல்லாத செல்களைப் பக்கத்தில் வைத்தோம்:
அவை இருட்டாகவே இருந்தன, நல்ல பிள்ளைகள்.
இரண்டாம் முறை நடுவே மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
பதினோரு நொடி
இருவரும் மூச்சு விடவில்லை.
மூன்றாம் முறையும் எட்டாவது வரிசை மினுங்கியது.

யாரும் வராமலே பேசுகிறது.
ஓர் எழுத்து மாறிப் பிறந்த புரதம்,
தனக்குத் தானே.
இதற்குப் பாடப்புத்தகத்தில் பெயர் உண்டு.
வகுப்பில் நடத்தியிருக்கிறேன்,
கரும்பலகையில் ஒரு கோடு போட்டு,
ஐந்து மதிப்பெண்ணுக்கு.

தினமும் இட்லிக்கு முன்னால்
அரை மாத்திரை போடுகிறேன், படபடப்புக்கு.
இரண்டு வருடமாகிறது.
குழிக்குள் இருப்பதன் பங்காளிப் புரதம்
என் நெஞ்சிலும் சவ்வைத் தைத்துக்கொண்டு இருக்கிறது.
அந்த மாத்திரை வருகிறவர்களை மறிப்பதோடு நிற்பதில்லை.
உள்முணுமுணுப்பையும் அடக்கும்.

அதே மருந்தை அலமாரியிலிருந்து எடுத்து
எட்டாவது வரிசையில் விட்டேன்.
குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர்.
வெளிச்சம் தணிந்தது, அழகான சரிவாக,
கட்டுரையில் போடத்தக்க சரிவு.
ஜெபசீலி கைதட்டினாள்.
எனக்கு மட்டும்
பேசிக்கொண்டிருந்த ஒருவர் வாயை
எட்டிப் பொத்தியது போல இருந்தது.
இதை எந்தப் படத்தின் கீழும்
குறிப்பாக எழுத முடியாது.

ஏழே முக்கால் பறக்கும் ரயில்.
திருவான்மியூர் தாண்டும்போது
பைக்குள் போன் அதிர்ந்தது.
எடுத்துப் பார்த்தேன். யாரும் இல்லை.
திரையில் என் நெற்றியும் டியூப்லைட்டும்.
பாகப்பிரிவினைக்கு அப்புறம்
பெரம்பூரிலிருந்து அண்ணன் கூப்பிடுவதில்லை.
கூப்பிட மாட்டான் என்பதும் தெரியும்.

கோட்டூர்புரம் தாண்டி
ஆற்றின் மேல் போகிறபோது மறுபடி அதிர்ந்தது.
இந்த முறை பார்க்கவில்லை.
ஒரு தரவுப் புள்ளியை நம்பி
எத்தனை தடவை ஏமாறுவது?
ஜன்னலில் அடையாறு கறுப்பாக நாறிக்கொண்டு
நகராமல் கிடந்தது.

மந்தைவெளியில் இறங்கி,
கீரை வாங்கச் சில்லறை தேடும்போதுதான் பார்த்தேன்.
ஜெபசீலி.

"மேடம் நான் இன்னும் போகல.
நாலாவது பிளேட் போட்டேன்.
எட்டாவது வரிசை பேசுது."