உயிரோடிருக்கும் கணக்குகள்

மென்பொருள் முடிந்து பதினொரு நாள்.
விலைதான் இன்னும் முடியவில்லை.

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட,
டயர்க் கடைக்கு மேலே வாடகை அறை.
கீழே காற்றடிக்கிற மெசின் முக்கும்போதெல்லாம்
கோப்பையில் பிளேன்ரீ வட்டம் வட்டமாய் நடுங்கும்.
நான், மயூரதன், ஒரு வெள்ளைப் பலகை.
9.95 என்றெழுதி
மூன்று தரம் அழித்துவிட்டான்.
அழித்த இடத்தில் சாம்பல் நிற ஒன்பது ஒன்று
போகமாட்டேன் என்று நிற்கிறது.

நாங்கள் செய்தது பெரிய விஷயமில்லை.
எங்கோ ஒருவர் சேர்வரில் இடம் வாடகைக்கு விடுவார்.
அவருடைய ஆட்களுக்கு மாதாமாதம் பில் அனுப்பும்,
காசு வந்தால் நன்றி சொல்லும்,
வராவிட்டால் தளத்தை இழுத்துச் சாத்தும்.
சாத்துகிற பகுதியை எழுதியது நான்.

இந்தத் தொழிலில் மூத்த கம்பனி ஒன்று, கடலுக்கு அப்பால்,
போன வருடம் விலையை மாற்றியது: தலைக்கு இவ்வளவு.
இருநூற்றைம்பது பேர் வரை ஒரு விலை.
அதற்கு மேல் ஒரேயொரு ஆள் படியேறினாலும்
எல்லோருக்கும் சேர்த்து இன்னொரு விலை.
"நாங்களும் அப்பிடியே போடுவம், கொஞ்சம் குறைச்சு.
அவையோட கோவிச்சுக்கொண்டு வாறவை இஞ்ச வரட்டும்."
கோபத்தில் வருகிறவர் கோபத்திலேயே போவார் என்றேன்.
மயூரதன் மார்க்கரின் மூடியைக் கடித்தான்.

அவனுக்கு முரசுமோட்டையில் நாலு ஏக்கர்.
நெல் வாங்க வருகிறவர் மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து
சாக்கின் பாரம் என்பார்.
சாக்கு ஒரு கிலோவும் வராது.
போன போகத்தில் களத்தில் நின்று கத்தியவன் இவன்தான்.
நான் ஒன்றும் ஞாபகப்படுத்தவில்லை.
பலகையின் கீழ் மூலையில்
சின்னதாய் 'சாக்கு' என்று மட்டும் எழுதினேன்.

இரவு பத்துக்கு ஒஸ்லோவிலிருந்து ரூபகாந்தன் அண்ணை.
"அஞ்சு டொலர் எண்டால் ஒருத்தரும் நம்பாயினம் தங்கச்சி,
நாளைக்கே பூட்டிப்போட்டு ஓடுவியள் எண்டு நினைப்பினம்.
விலாசத்துக்குச் சிங்கப்பூர் எண்டு போடுங்கோ."
பிறகு, குரலைத் தணித்து:
"எனக்குச் சும்மாதானே?"

தலைக்கு விலை என்றால்
தலை எது என்று எழுதவேண்டும்.
போன மாதம் கட்டாதவர் தலையா?
மூடிவிட்டு, திரும்பி வரக்கூடும் என்று
பெயரை மட்டும் விட்டுப்போனவர்?
இரண்டு மின்னஞ்சல் வைத்திருக்கும் ஒருவர்?
இறந்துபோன மனிதரின் தளத்துக்கு
மகள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள்,
அது யாருடைய தலை?
மயூரதன் நிரலில் ஒரு வரி போட்டிருந்தான்:
கணக்கு உயிரோடிருந்தால் ஒன்று கூட்டு.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
குடும்ப அட்டையில் 'எத்தனை பேர்' என்ற கட்டத்தை
ஒரு வருடம் முழுக்கப்
பென்சிலால் நிரப்பிய வீடு எங்களுடையது.
அவன் வீட்டில் நிரப்பவே இல்லை.
இதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
அந்த வரியை அழித்தது யார் என்றும் கதைக்கவில்லை.

"பன்னிரண்டு" என்றான் கடைசியில்.
முழுசாய்ப் பன்னிரண்டு டொலர். சதம் இல்லை, தலை இல்லை.
ஐயாயிரம் பேரை வைத்திருப்பவருக்கும் அதுதான்,
அஞ்சு பேரோடு தொடங்குகிறவருக்கும் அதுதான்.
மடத்தனம் என்று இருவருக்கும் தெரியும்.
வாடகை, கரன்ட், இணைப்பு, அவனுடைய மோட்டார் சைக்கிள் லீசிங்,
எல்லாம் கூட்டினால் நாற்பது வாடிக்கையாளர் வேண்டும்.
இருப்பது ஆறு.
அதில் ஒருவர் ஒஸ்லோவில் சும்மா.

செவ்வாய்க்கிழமை லீசிங்காரர் வந்தார்.
நல்ல மனிதர், தண்ணீர் வாங்கிக் குடித்தார்,
மூன்று நாள் தந்தார்.

அன்றிரவு என்னுடைய பகுதியைத் திறந்தேன்.
காசு வராத தளத்தைச் சாத்த முன்
எத்தனை நாள் பொறுப்பது?
மூன்று என்றுதான் நானும் போட்டிருந்தேன்.
பதினாலு ஆக்கினேன்.

விடிய மயூரதன் அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு
பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தான்:
இந்தப் பதினொரு நாளுக்கு விலை என்ன?

பதில் எழுதினேன்:
சாக்குக்குக் கழிவில்லை.