பழகிய மீன்கள்

என் வேலை காற்றை அளப்பது.
ஓவுலு நகராட்சி கொடுத்த கருவியோடு
பள்ளி பள்ளியாகப் போவேன்.
மூன்றடுக்குக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு,
ஊசி முனைக் குளிரும் நுழையாத ஜன்னல்கள்.
வெள்ளிக்கிழமை நாலாம் வகுப்பில்
கரியமில வாயு ஆயிரத்து எழுநூறு.
கடைசி வரிசைப் பையன் ஒருவன்
கொட்டாவி விட்ட வாயை
மூட மறந்து உட்கார்ந்திருந்தான்.
“இன்றைக்கு எவ்வளவு சமர்த்து பாருங்கள்”
என்றார் ஆசிரியை, பெருமையாக.
ஜன்னலைத் திறக்கவும்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் டார்மோவுக்கு ஒரு காடு உண்டு.
மூன்றடி நீளம், ஒன்றரை அடி ஆழம்.
மேசைக்கு அடியில் சிலிண்டர்,
குப்பியில் நொடிக்கு இரண்டு குமிழி.
விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே
வால்வு தானாகத் திறக்கும்,
யாரோ நாக்கைச் சொடுக்கியது போல.
பத்தரைக்கு வந்த சூரியன்
இரண்டரைக்குப் போய்விடும் ஜனவரியில்
எங்கள் வரவேற்பறையில் மட்டும்
எட்டு மணி நேரப் பகல்.

சிவந்த தண்டுகள், கம்பளமாய்ப் படர்ந்த பச்சை,
இலை நுனியெல்லாம் ஆக்சிஜன் மணிகள்.
“பார், மூச்சு விடுகிறது” என்பான்.
அழகுதான். அதை நான் மறுத்ததே இல்லை.

மார்ச்சில் புகைப்படப் போட்டி.
இரண்டு குமிழி மூன்றாயிற்று.
மூன்று, எண்ண முடியாத ஒரு கோடாயிற்று.
கண்ணாடியில் ஒட்டிய குமிழ் விளக்கு அளவு கூண்டுக்குள்
ஒரு சொட்டுத் திரவம் நிறம் சொல்லும்:
நீலம் என்றால் செடிக்குப் பஞ்சம்,
பச்சை என்றால் எல்லாருக்கும் சமாதானம்.
அது மஞ்சளாக மாறியபோது
“எலுமிச்சைப் பச்சை” என்றான் டார்மோ.

நாற்பது டெட்ரா மீன்கள்.
கை நிழல் விழுந்தாலே
தணல் சிதறுவது போல் சிதறுபவை.
இப்போது கத்தரியோடு அவன் கை உள்ளே போனால்
ஒதுங்குவதுகூட இல்லை.
விரலில் இடித்துக்கொண்டு நிற்கின்றன.
“என்னைத் தெரிகிறது இவற்றுக்கு.
பழகிவிட்டன.”

கிறிஸ்துமஸுக்குப் பிறகு
நாங்கள் சண்டையே போடவில்லை.
போனில் தன் அக்காவிடம் சொன்னான்:
“நானும் அவளும் இப்போது நன்றாகப் பழகிவிட்டோம்.”
பக்கத்தில் நின்று
கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை நாலரை, வெளியே கும்மிருட்டு.
திங்கள் காலை நேரே அடுத்த பள்ளி என்பதால்
கருவி என் பையில் இருந்தது.
சோபாவில் டார்மோ தூங்கினான்.
எதற்கு எடுத்தேன் தெரியவில்லை, எடுத்தேன்.
ஆயிரத்து அறுநூறு. எங்கள் வீடு.

தொட்டிக்குத் திரும்பினேன்.
மீன்கள் மேல்விளிம்பில் ஒட்டிக் கிடந்தன,
நீரின் தோலில் வாய் வைத்து.
இறால்கள் குழாயைப் பிடித்து ஏறி நின்றன,
மாடிப்படியில் வழி கேட்பவர்கள் மாதிரி.
கீழே காடு முத்து முத்தாய் ஜொலித்தது.

வால்வை மூடினேன்.
நீர் வெளிவரும் குழாயை
மேற்பரப்பு கிழியும்படி தூக்கி வைத்தேன்.
சலசல.
பிறகு சுவரோரக் காற்று ஜன்னல்,
ஒரு சாண் அகலம், அக்டோபரில் சாத்தியது.
கைப்பிடி திரும்ப மறுத்தது. பலகைமேல் முழங்கால் வைத்து இழுத்தேன்.
மைனஸ் இருபத்திரண்டு
உள்ளே வந்து நின்றது.

கோட்டு மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.
எவ்வளவு நேரம்? மஞ்சளைப் பார்ப்பதில் பயனில்லை,
அந்தத் துளிக்கு எதுவும் தாமதமாகத்தான் தெரியும்.
ஒன்று கீழே இறங்கியது. பிறகு ஐந்தாறு.
ஒரு மீன் இன்னொன்றைக் கொத்தித் துரத்தியது.

கையை உயர்த்தினேன். நிழல் விழுந்தது.
நாற்பதும் சிதறின.
வேருக்குள், கல்லுக்குப் பின்னால், கருப்பு மூலைக்கு.
என்ன அழகாகப் பயந்தன!

“யார் ஜன்னலைத் திறந்தது?”
சோபாவிலிருந்து கத்தினான்.

“நான்தான்”
என்று நானும் கத்தினேன்.