தொண்ணூற்று நான்கு விழுக்காடு

டிசம்பர், தார்த்து.
மூன்றரைக்கே இருட்டிவிடும் மாலைகளில்
பல்கலைக்கழகத்தின் அடித்தள அறையில்
தாவெட்டும் நானும்
அறைத்தோழரைத் தேடித்தரும் செயலிக்குக்
கேள்விகள் எழுதிக்கொண்டிருந்தோம்.

எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்.
ஜன்னல் திறந்தா, மூடியா.
கெஃபிர் குடித்த தம்ளரை
அன்றே கழுவுவீர்களா, வாரக் கடைசியிலா.
அலாரம் எத்தனை முறை அடித்தால் எழுவீர்கள்.

"எங்கிருந்து வருகிறது உனக்கு இதெல்லாம்?"
என்றான் தாவெட்.
சொல்லவில்லை.
ஒவ்வொரு கேள்விக்கும் அடியில்
இங்ரிட்டோடு போட்ட ஒரு சண்டை கிடந்தது.
போட்ட என்பதுகூடச் சரியில்லை.
போடாமல் விட்ட சண்டை.

ஏழாம் கேள்வி அவளுடைய ஐந்து அலாரம்.
பதினொன்று,
இரவு இரண்டு மணிக்கு அவள் கிளறும் பக்வீட் கஞ்சி.
பதினான்கு,
தூக்கத்தில் அவள் ஒப்பிக்கும் வேதியியல் சமன்பாடு.
பிழையில்லாமல்தான் ஒப்பிப்பாள்.

சோதனைக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பினார்கள்.
அத்தனை பேரும் பதினோரு மணிக்குப் படுக்கிறவர்கள்.
அத்தனை பேரும் சுத்தம்.
கேட்காமல் விருந்தாளியைக் கூட்டிவருகிறவர்
இந்த ஊரிலேயே இல்லை.
யாரை யாரோடு சேர்த்தாலும்
பொருத்தமோ பொருத்தம்.
தொண்ணூற்று நான்கு விழுக்காடு.

மூன்றாம் மாடிச் சமையலறையை
நேரில் பார்த்தவள் நான்.
அங்கே ஒரு முட்டைக்கோஸ் சூப்
அக்டோபர் முதல் குடியிருக்கிறது, வாடகை தராமல்.

தாவெட் எடைகளை மாற்றிப் பார்த்தான்.
விடிய விடிய.
தொண்ணூற்று மூன்று ஆனது.
"புளுகுகிறார்கள்" என்றான்.
புளுகு இல்லை.
சாவி கையில் வாங்குகிற அன்று
எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம்,
ஒரு வாரமாவது.

கேள்விகளை அழித்தேன்.
வட்ட முனைப் பொத்தானும்
இரண்டு வாரம் உட்கார்ந்து நான் வரைந்த
கையசைக்கும் நரியும் மட்டும் மிஞ்ச,
ஒரே ஒரு பெட்டி வைத்தேன்:
கடைசியாக உங்களோடு இருந்தவர்
உங்களைப் பற்றி என்ன குறை சொல்வார்?

புதன்கிழமை வந்தன பதில்கள்.
"முடி. குளியலறையில்."
"அம்மாவோடு தினம் ஸ்பீக்கரில் பேசுவேன், ரஷ்ய மொழியில்."
"அவன் கறுப்பு ரொட்டியைத் தின்றுவிட்டு
வேறு வாங்கி வைப்பேன். வேறு ரகம்."
"அவள் எதுவும் சொல்லமாட்டாள். அதுதான் பயம்."
ஒருவன் மட்டும் மூன்று பக்கம் எழுதி,
இதை அவனுக்கே அனுப்ப வழியுண்டா
என்று முடித்திருந்தான்.

விழுக்காடு இறங்கியது.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
அந்த மாதத்தில் முதன்முறையாகத் தாவெட் சிரித்தான்.
"இப்போதுதான் மனுஷர்கள் மாதிரி இருக்கிறது.
நீயும் நிரப்பு."

காலிப் பெட்டியில் கோடு துடித்தது.
பதினெட்டு மாதம்,
நான்கு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும் அறை.
அவளுடைய அலாரத்தின் ஐந்து மெட்டும் எனக்கு மனப்பாடம்.
என்னைப் பற்றி
ஒரு வரி வரவில்லை.

அவளுக்கே எழுதினேன், ஆய்வுக்காக என்று.
முழுப் பொய்யல்ல அதுவும்.
மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன.
வெளியே பனி அள்ளும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டே போய்த் திரும்பியது.

"நீ கோபத்தை வாயால் சொல்லவே மாட்டாய்.
பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாய்.
என் பாத்திரத்தையும் சேர்த்து.
போர்வைக்குள் கிடந்து எண்ணுவேன்,
இன்றைக்கு எத்தனை தட்டு என்று."

அப்படியே எடுத்துப் பெட்டியில் ஒட்டினேன்.
பொருத்தம் தேடுகிறோம் என்று
நரி கையசைத்தது.

அதற்குள் இன்னொரு செய்தி:
"என் பச்சைக் கோப்பை உன்னிடமா இருக்கிறது?"

மேசை மேல்தான் இருக்கிறது.
உள்ளே பேனாக்கள், ஓர் அளவுகோல்,
அவளுடையதேயான கத்தரிக்கோல்.
எல்லாவற்றையும் கொட்டிவிட்டு
குழாயடிக்கு எடுத்துப் போனேன்.
தண்ணீரை
மெல்லத் திறந்தேன்.